ஜோடியக்கா பார்த்த ரெண்டு வாட்ச்

வேலையில சேர்ந்த அன்னிக்கு அந்த அக்கா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "சார், உங்களுக்கு இடது புருவம் கொஞ்சம் கம்மி." வணக்கமெல்லாம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. சாயந்தரம் ரூமுக்குப் போய் கண்ணாடி முன்னாடி அரைமணி நேரம் நின்னேன். இருபத்திமூணு வருஷமா லட்சணம்னு நான் நம்பிக்கிட்டு இருந்த முகம். அக்கா சொன்னது நிஜம்தான். இன்னிக்கும் யாராவது போட்டோ எடுக்கறாங்கன்னா வலது பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டறேன். என் கல்யாண ஆல்பம் முழுக்க நான் யாரையோ எட்டிப் பாக்கற மாதிரியே இருக்கும்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனி அது. தொண்ணூறுகளோட கடைசி. ஷூவோட மேல்பாகத்தை மட்டும் தைச்சு அனுப்புவோம், அதுக்கு அப்பர்னு பேரு. தையல் லைன் முடியற இடத்துல, ஜன்னலை ஒட்டினாப்பல அக்காவோட மேஜை. லைன்ல இருந்து வர்ற இடது காலையும் வலது காலையும் ரெண்டு கையில எடுத்து, குதிகாலோட குதிகால் சேர்த்து, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிப்பாங்க. ரெண்டும் ஒரே நிறமா, ஒரே உயரமா, தையல் எண்ணிக்கை ரெண்டுலயும் ஒண்ணான்னு பார்க்கணும். தையலைக் கண்ணால எண்ண மாட்டாங்க. கட்டைவிரல் நகத்தை அது மேல ஓட்டியே எண்ணிடுவாங்க. சரியா இருந்தா "ஜோடி"ன்னு சொல்லிக் கட்டி வைப்பாங்க. இல்லைன்னா "ஜோடி இல்ல"ன்னு ஒதுக்கிடுவாங்க. டியூப்லைட்டை நம்பவே மாட்டாங்க. மழை மூட்டமா இருந்தா அப்பரைத் தூக்கிக்கிட்டு வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வருவாங்க. லைன் மொத்தமும் அவங்களை ஜோடியக்கான்னுதான் கூப்பிடும். நானும் அப்படியே சொல்லிடறேன், பேரு வேணாம்.

அவங்களால எதையும் ஒத்தையா வச்சுப் பார்க்க முடியாது. ஒரு பொருளைக் கொண்டுபோய் "எப்படிக்கா இருக்கு"ன்னு கேட்டா பதில் வராது. "இன்னொண்ணு எடுத்துகினு வா, அப்பால சொல்றேன்"ம்பாங்க. ஒரு தடவை ஆற்காட்டுக்குப் போனவன் அந்த ஊர் இனிப்பு மக்கன் பேடா வாங்கிட்டு வந்து குடுத்தேன். கையில வச்சுக்கிட்டு, "வேற கடையோடது ஒண்ணு இல்லியா சார்?"ன்னு கேட்டாங்க. அடுத்த வாரம் வேற கடையில இருந்து வாங்கிட்டு வந்தேன். அது வர்ற வரைக்கும் முதல் பேடாவை டிபன் பாக்ஸ்லயே வச்சிருந்து, ரெண்டையும் சேர்த்துத்தான் தின்னாங்க. முதல் பேடா அதுக்குள்ள புளிச்சுப் போயிருந்துச்சு. அதனால ரெண்டாவது கடைதான் நல்ல கடைன்னு தீர்ப்பாச்சு. முதல் கடைக்காரர் பாவம், அவருக்கு இது தெரியவே தெரியாது.

லைன்ல தைக்கிற ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு போட்டோ வந்திருந்துச்சு, ஒருத்தர் குடியாத்தம், இன்னொருத்தர் வாணியம்பாடி. அந்தப் பொண்ணு ரெண்டையும் சாப்பாட்டுப் பையில வச்சு எடுத்துக்கிட்டு வந்து அக்கா மேஜையில வச்சுது. நாங்க எல்லாரும் முகத்தைப் பார்த்தோம், மீசையைப் பார்த்தோம். அக்கா ரெண்டு போட்டோவையும் ஜன்னல் வெளிச்சத்துல சேர்த்துப் பிடிச்சு, "ஒரே கோட்டும்மா இது. மூணாவது பட்டனை ரெண்டுலயும் வேற நூல்ல தைச்சிருக்குது பாரு"ன்னாங்க. பார்த்தா நிஜம். ரெண்டு மாப்பிள்ளையும் ஆம்பூர்ல ஒரே ஸ்டுடியோவுக்கு வந்து, ஸ்டுடியோக்காரர் கோட்டை வாங்கிப் போட்டுக்கிட்டு எடுத்திருக்காங்க. "கோட்டைக் கழிச்சிட்டு மிச்சத்தைப் பாத்து முடிவு பண்ணு"ன்னு போட்டோவைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அது குடியாத்தத்துக்காரரைக் கட்டிக்கிச்சு. கல்யாணத்துல அவரு கோட்டு போடல.

அன்னிக்கு நான் சும்மா வாயைக் கிளறினேன். "எல்லாருக்கும் ரெண்டு வச்சுப் பாக்கறீங்களே, உங்க வீட்டுக்காரரை யாரோட வச்சுப் பார்த்தீங்க?"

"அங்கதான் சார் ஏமாந்துட்டேன். ஒத்தையா கொண்டாந்து காட்டினாங்க. பாஸ்டரு வேற அவசரப்படுத்தினாரு. இப்ப நல்லவரா கெட்டவரான்னு எதை வச்சுச் சொல்றது?" சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க. சிரிப்பு இருமலாச்சு, இருமல் இழுப்பாச்சு. அவங்களுக்கு வீசிங் உண்டு. சிரிச்சாக்கூட மூச்சு வாங்கும். அந்த ஜன்னலோரம் அவங்களுக்கு வெளிச்சத்துக்கு மட்டும் இல்ல, காத்துக்கும் சேர்த்துத்தான்.

இப்ப நான் யாருன்னு சொல்லிடறேன், மறைக்க முடியாது. நான் அந்தக் கம்பெனியில டைம் ஸ்டடி ஆள். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பின்னாடி நின்னு அளந்து எழுதணும். நான் எழுதற எண்ணை வச்சுத்தான் மணிக்கு இத்தனை ஜோடின்னு டார்கெட் போடுவாங்க. நான் போய் நின்னா தைக்கிறவங்க முதுகு விறைச்சுக்கும். அதை எனக்குக் குடுக்கற மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அளக்கறதுக்குக் கம்பெனி ஒரு ஸ்டாப்வாட்ச் குடுத்திருந்துச்சு. உருண்டையா, நிக்கல் உரிஞ்சு, கயிறு கட்டிக் கழுத்துல மாட்டிக்கற மாதிரி. அதை மாட்டிக்கிட்டு லைன்ல நடந்தா டிரில் வாத்தியார் மாதிரி இருந்தேன், விசில் ஒண்ணுதான் பாக்கி. எனக்கு வேண்டியது க்ரோனோகிராஃப் வாட்ச். வட்டத்துக்குள்ள மூணு குட்டி வட்டம், பக்கத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பட்டன். கம்பெனிக்குச் சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருத்தர் கையில அப்படி ஒண்ணு பார்த்துட்டேன். அவர் அப்பரைத் தூக்கிப் பார்த்தப்போ எல்லாரும் அவர் என்ன சொல்லப் போறாரோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் மணிக்கட்டைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

ஒரே சமயத்துல ரெண்டு சிக்கிச்சு. வேலூர்ல அப்பாவுக்குத் தெரிஞ்ச கடையில கருப்பு முகத்தோட ஒண்ணு. ரூம்ல கூட இருந்தவனோட அண்ணன் துபாய்ல இருந்து கொண்டுவந்த வெள்ளை முகம் ஒண்ணு. ரெண்டும் பேட்டரியில ஓடற குவார்ட்ஸ். ரெண்டும் என் சம்பளத்துக்கு எட்டற விலை, பெரிய வித்தியாசமும் இல்ல. ஒரு வாரம் வச்சுப் பார்த்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுத்துடறதா பேச்சு.

முதல் நாளே ஒரு கூத்து நடந்துச்சு. கருப்பு வாட்சுல பெரிய விநாடி முள் பன்னெண்டுலயே அசையாம நின்னுது. ஓடாத வாட்சைத் தலையில கட்டிட்டார்னு பஸ் ஏறி வேலூர் போய்க் கடைக்காரர்கிட்ட சத்தம் போட்டேன். அவர் மேல் பட்டனை அமுக்கினாரு. முள் ஓட ஆரம்பிச்சுது. "இது நீ அமுக்கினாத்தான் ஓடும்பா. மணி காட்டற விநாடி முள்ளு கீழ குட்டி வட்டத்துல ஓடிகினுதான் இருக்குது"ன்னாரு. கடையில இருந்த ரெண்டு பேர் சிரிச்சாங்க. நேரத்தை அளக்கறதுதான் எனக்கு உத்தியோகம்னு நான் அங்க சொல்லிக்கல.

மறுநாள் டீ நேரத்துல ரெண்டு கையிலயும் ரெண்டு வாட்சைக் கட்டிக்கிட்டு ஜோடியக்கா மேஜைக்குப் போனேன்.

"இன்னா சார், ஜோடியா கட்டிகினு வந்திருக்கீங்க?"

"எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அக்கா கையை ஏப்ரன்ல துடைச்சுக்கிட்டாங்க. முகத்தையே பார்க்கல, முதல்ல திருப்பிப் போட்டு வாரைப் பார்த்தாங்க. கருப்போட வாரை மடக்கி, "ஸ்ப்ளிட் தோலு, உரிச்செடுத்த அடித்தோலு. மேல ஃபிலிம் ஒட்டியிருக்குது. ஒரு வருஷம் வரும்"ன்னாங்க. வெள்ளையோட வாரை நகத்தால கீறி, "இது தோலே இல்ல சார். அட்டை மேல பெயிண்டு"ன்னாங்க.

"அசல் தோல்னு இங்கிலீஷ்ல அடிச்சிருக்கேக்கா."

"அடிக்கறதுக்கு இன்னா சார், அடிக்கலாம்."

அப்புறம் பட்டன். ரெண்டு கட்டைவிரலாலயும் ரெண்டு வாட்சையும் ஒரே நேரத்துல அமுக்கி ஓடவிட்டு, ஒரே நேரத்துல நிறுத்தி, கீழ் பட்டனை அமுக்கி முள்ளை மறுபடி பன்னெண்டுக்குக் கொண்டு வந்தாங்க. இப்படிப் பத்து தடவை. கருப்போட முள் ஒவ்வொரு தடவையும் பன்னெண்டு கோட்டு மேல நேரா வந்து நின்னுது. வெள்ளையோட முள் அரைக்கோடு தள்ளித்தான் நின்னுது.

"இது வீட்டுக்குள்ள வந்துடுது சார். அது வாசல்லயே நிக்குது, உள்ள வர மாட்டேங்குது. ஓட்டத்துல ரெண்டும் ஒண்ணுதான். இருந்தாலும் கருப்பை வச்சுக்கோங்க. வெள்ளை பாக்கத்தான் பணக்காரன்."

நான் வெள்ளையைத்தான் வச்சுக்கிட்டேன். பாக்கறதுக்குப் பணக்காரனா இருக்கணும்னுதானே வாட்சே வாங்கறேன். அக்காகிட்ட போனதே வெள்ளைன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சுத்தான். கருப்பைக் கடைக்காரர் திருப்பிக் கேட்டுட்டார்னு ஒரு பொய்யும் சொன்னேன். அக்கா "அப்படியா சார்"னு சொல்லிட்டு அடுத்த அப்பரை எடுத்துட்டாங்க.

வெள்ளை வாட்ச் கைக்கு வந்ததும் கம்பெனி ஸ்டாப்வாட்சை டிராயர்ல போட்டுப் பூட்டினேன். அந்த வாரம் ஒரு புது மாடல் லேடீஸ் ஷூ வந்திருந்துச்சு. மூணு நாள் லைன் முழுக்க ஒவ்வொருத்தர் பின்னாடியும் நின்னு அளந்தேன். பட்டனை அமுக்கறது, நிறுத்தறது, முள் எந்த எண்ணுல நிக்குதோ அதுக்கு முன்னாடி ஒரு புள்ளி வச்சு நிமிஷக் கணக்குல எழுதறது. ரெண்டு வருஷப் பழக்கம், கை தானா எழுதிச்சு. பேப்பரைப் பார்த்த மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "பரவாயில்லையே தம்பி, கைவேகம் ஜாஸ்தியாயிடுச்சே இவங்களுக்கு"ன்னாரு. நான் மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னாடி நீட்டி, "அளக்கற விதத்துல இருக்கு சார்"னேன். எப்பேர்ப்பட்ட உண்மையைச் சொல்றேன்னு எனக்கே தெரியல.

போர்டுல புது டார்கெட் ஏறிச்சு. ஜோடியக்கா மேஜையில மணிக்கு எண்பது ஜோடி பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப நூத்தி முப்பத்திமூணு. லைன் மொத்தத்துக்கும் அதே கதிதான். டார்கெட் முடியாம யாரும் எழுந்துக்கக் கூடாதுன்னு உத்தரவு. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய கம்பெனி பஸ் பேரணாம்பட்டு ரோட்டைப் பார்த்து நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கும். உள்ள ஒரு பொண்ணும் தலை நிமிராது. எனக்கு அப்ப என்ன வந்துச்சுன்னு சொல்லவா? கோவம் வந்துச்சு. இவ்வளவு நுணுக்கமா அளந்து குடுத்திருக்கேன், அதுக்குத் தகுந்த மாதிரி ஓட மாட்டேங்கறாங்களேன்னு.

ரெண்டாவது வாரம் மூணு பேருக்கு மெமோ வந்துச்சு, வேகம் போதலைன்னு. அதுல ஜோடியக்காவும் ஒருத்தர். திங்கக்கிழமையில இருந்து அவங்களை சொல்யூஷன் மேஜைக்கு மாத்தறதா எழுதியிருந்துச்சு. சொல்யூஷன்னா தோலை ஒட்டற பசை. அந்த வாடை நமக்கே தலையைச் சுத்தும். வீசிங் இருக்கறவங்க அங்க ஒரு நாள் முழுக்க நிக்கவே முடியாது. நின்னா ஆஸ்பத்திரி, இல்லைன்னா வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போகணும். மேனேஜர் கெட்டவர் இல்ல, அவருக்கு இந்த மூச்சு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும். "பேசிப் பாக்கலாம்க்கா"ன்னு சொல்லிட்டுப் பேசாம இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அக்கா அரை நாள் லீவு போட்டுட்டு வேலூருக்குப் போய்க் கண்ணு காட்டிட்டு வந்தாங்க. நேரா என் மேஜைக்கு வந்து, "கண்ணு சரியாத்தான் இருக்குதாம் சார். அப்ப கைதான் மெதுவாயிடுச்சு போல"ன்னாங்க. அவங்க என்னைச் சந்தேகப்படல, தன்னைத்தான் சந்தேகப்பட்டாங்க.  அதைக் கேட்டும் என் மூளைக்கு ஒண்ணும் ஏறல.

மறுநாள் சனிக்கிழமை. டீ நேரத்துல மறுபடியும் வந்தாங்க.

"சார், பழைய வாட்சுல நீங்க பாத்தப்ப எங்களால முடிஞ்சுது. புது வாட்சுல பாத்தீங்க, முடியல. ரெண்டையும் ஒரு தபா குடுங்க."

"வாட்ச் என்னக்கா பண்ணும்?"னு சிரிச்சுக்கிட்டே டிராயரைத் திறந்து பழசையும் எடுத்துக் குடுத்தேன்.

ரெண்டையும் ஒண்ணா ஓடவிட்டாங்க. ரெண்டு முள்ளும் ஒரு சுத்து சுத்தி ஒரே நேரத்துல மேல வந்துச்சு. "பார்த்தீங்களா, ஒண்ணாத்தான் ஓடுது"ன்னேன் பெருமையா. அக்கா வாட்சைக் கீழ வைக்கல. ஏப்ரன்ல குத்தியிருந்த ஊசியை எடுத்து, கண்ணாடிக்கு மேல ஒவ்வொரு கோடா நகர்த்திக்கிட்டே போனாங்க. உதடு மட்டும் அசைஞ்சுது. தையல் எண்ணற அதே வேகம். முதல்ல பழசு, அப்புறம் புதுசு. எண்ணி முடிச்சுட்டு ஊசியைத் திருப்பிக் குத்திக்கிட்டு சொன்னாங்க.

"ஒரு சுத்துக்கு ஆவற நேரம் ஒண்ணுதான் சார். ஆனா பழசுல நூறு கோடு, புதுசுல அறுபது. நீங்க கோட்டைத்தான எழுதறீங்க?"

அப்பதான் எனக்கு உறைச்சுது. கணக்குப் போட சுலபமா இருக்கட்டும்னு டைம் ஸ்டடி ஸ்டாப்வாட்சுல ஒரு நிமிஷத்தை நூறு பங்கா பிரிச்சிருப்பாங்க. முள் எழுபத்தஞ்சுல நின்னா முக்கால் நிமிஷம், புள்ளி வச்சு எழுபத்தஞ்சுன்னு எழுதிடலாம். சாதாரண வாட்சுல முக்கால் நிமிஷத்துக்கு முள் நாப்பத்தஞ்சுல நிக்கும். நான் அதே மாதிரி புள்ளி வச்சு நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கேன். ஒவ்வொரு வேலைக்கும், லைன் முழுக்க, மூணு நாள். முக்கால் நிமிஷ வேலை பேப்பர்ல அரை நிமிஷத்துக்கும் கம்மியாயிடுச்சு, அதான் டார்கெட் எகிறிடுச்சு. இதை டிப்ளமாவுல தனிப் பாடமாவே நடத்தினாங்க. அதுல எனக்கு நல்ல மார்க்கு வேற. எட்டாவதோட நின்ன அக்கா ஒரு ஊசியை வச்சுக்கிட்டு டீ ஆறறதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாங்க.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. நான் பார்த்துக்கறேன்."

"திங்கக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க சார். அந்த வாடையில என்னால நிக்க முடியாது."

"இப்பவே போறேன்"னேன். போகவும் போனேன். மேனேஜர் ரூம் மாடியில, பன்னெண்டு படி. முதல் படியில காலை வைக்கும்போது மனசுக்குள்ள, "தப்பு என்னுது சார்." ஆறாவது படியில, "சின்னதா ஒரு தப்பு நடந்து போச்சு சார்." கதவைத் தட்டி உள்ள போனதும் வாயில இருந்து வந்தது, "இந்த வாட்ச் சரியில்ல சார்."

அதோட நிறுத்தினேனா? முள் பன்னெண்டுல நிக்காம அரைக்கோடு தள்ளி நிக்கறதை ஓட்டிக் காட்டினேன். அதனாலதான் அளவெல்லாம் தப்பா வந்திருக்கு, மறுபடி எடுக்கணும்னு சொன்னேன். தப்பைக் கண்டுபிடிச்சவன் மாதிரி முகத்தை வச்சுக்கிட்டேன். மேனேஜர் யோசிச்சாரு.

"அரைக்கோட்டுலயா தம்பி இவ்ளோ வித்தியாசம் வரும்? அந்தப் பழைய வாட்சையும் எடுத்துகினு வா. ஜோடி பாக்கற அம்மாவையும் கூட்டிகினு வா. ரெண்டு பொருள்ல வித்தியாசம் சொல்றதுக்கு இந்தக் கம்பெனியில அவங்களை விட்டா வேற ஆளு ஏது?"

அந்த அம்மாவுக்குத்தான் வேகம் போதலைன்னு மெமோ குடுத்திருக்கார்.

அக்கா மூச்சு வாங்கிக்கிட்டே படியேறி வந்தாங்க. நான் வாட்சு மேல பழியைப் போட்டிருக்கறதை மேனேஜரே சொன்னாரு. அக்கா என் பக்கம் திரும்பல. ரெண்டு வாட்சையும் வாங்கி ஓடவிட்டாங்க, நிறுத்தினாங்க, மறுபடி ஓடவிட்டாங்க. நான் மனசுக்குள்ள கெஞ்சிக்கிட்டு இருந்தேன். வெள்ளை கெட்டுப் போச்சு சார்னு ஒரு வார்த்தை அவங்க சொன்னாப் போதும். டார்கெட் மாறிடும், அவங்க ஜன்னலோரமே இருந்துக்கலாம், நானும் தப்பிச்சுக்குவேன். யாருக்கும் நஷ்டமில்ல, வாட்சைத் தவிர.

"ஜோடி சார்"னு சொல்லி ரெண்டையும் மேஜை மேல வச்சுட்டாங்க.

"அந்த முள்ளு தள்ளி நிக்குதேம்மா?"

"கெளம்பறப்பவும் அரைக்கோடு தள்ளித்தான் கெளம்புது, நிக்கறப்பவும் அரைக்கோடு தள்ளித்தான் நிக்குது. நடுவுல ஒண்ணும் கொறையல சார். வாட்சு மேல தப்பு இல்ல."

அவ்வளவுதான் சொன்னாங்க. யார் மேல தப்புன்னு சொல்லல. மேஜையைச் சுத்திப் போய்ச் சுவரோரமா, மேனேஜர் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டாங்க. "அப்ப தப்பு எங்கதான் இருக்குது?"ன்னு கேட்டுக்கிட்டே மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டு வாட்சு மேலயும் குனிஞ்சாரு. குனிஞ்சவர் நிமிரல. 

"நான்தான் சார்"னேன். "நூறு கோட்டு வாட்சை விட்டுட்டு அறுபது கோட்டு வாட்சுல பார்த்து, பழைய மாதிரியே எழுதிட்டேன். அவங்க யார் கையும் மெதுவா இல்ல. என் கணக்குதான் தப்பு."

மேனேஜர் நிமிர்ந்தாரு. திட்டல, அதான் பேஜாரா இருந்துச்சு. மூணு மெமோவோட நகலையும் ஃபைல்ல இருந்து உருவிக் கிழிச்சாரு. அக்காகிட்ட, "மனசுல வச்சுக்காதம்மா, உன் எடத்துலயே இரு"ன்னாரு. எனக்கு ஒரு மெமோ அங்கயே எழுதிக் குடுத்தாரு. லைனுக்குப் போய் எல்லாரும் பாக்கற மாதிரி என் கையாலயே போர்டை அழிச்சுப் பழைய டார்கெட்டை எழுதணும்னும் சொன்னாரு.

ரெண்டு பேரும் படி இறங்கினோம். கடைசிப் படியில அக்கா மூச்சுக்காக நின்னாங்க. நானும் நின்னேன்.

"உங்களுக்குத்தான் தெரியுமேக்கா. அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் இருந்தேன் சார். உங்களுக்கு ஒரு பத்து எண்ற வரைக்கும் டைம் குடுக்கலாம்னு பாத்தேன். பத்து ஆயிட்டா நானே சொல்லிடறதுன்னு. எட்டுல சொல்லிட்டீங்க." முதுகுல லேசா தட்டினாங்க. "நல்ல மனசு சார் உங்களுக்கு. ரெண்டு பாக்கி இருக்கறப்பவே சொல்லிட்டீங்க."

அவங்க மேனேஜருக்குப் பின்னாடி நின்னாங்க, அதனால அவர் முகம் அவங்களுக்குத் தெரியல. நான் எதிர்ல நின்னேன், எனக்குத் தெரிஞ்சுது. அவர் குனிஞ்சு, பேனா நுனியைப் பழைய வாட்சு கண்ணாடி மேல வச்சு, ஒவ்வொரு கோடா நகர்த்த ஆரம்பிச்சிருந்தாரு. உதடு அசைஞ்சுது. அதைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறந்தேன். இல்லைன்னா எட்டு இல்ல, எண்பது எண்ணியிருந்தாலும் பேசியிருப்பேனான்னு தெரியாது.

இதை அக்காகிட்ட நான் சொல்லல. "தேங்க்ஸ்க்கா"ன்னு சொல்லிட்டுப் போர்டை அழிக்கப் போயிட்டேன். அதுக்கப்புறம் அந்தக் கம்பெனியில நாலு வருஷம் இருந்தேன். புதுசா யார் லைன்ல வந்து சேர்ந்தாலும் ஜோடியக்கா என்னைக் கை காட்டி, "தப்பைத் தானே ஒத்துக்கினவரு இவரு, பத்து எண்ணவே விடல"ன்னு சொல்லுவாங்க. நான் பக்கத்துலதான் நிப்பேன். இல்லைன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.